சூரியன் வராத இரண்டு மாதம்

சித்திரை வெயிலில் விழுப்புரம் சந்திப்பில் ரயிலேறினேன். திண்டிவனம் வருவதற்குள் எதிரே இருந்த பெரியவர் மூன்று முறை சூரியனைச் சபித்துவிட்டார். "இரண்டு மாதம் அது தலைகாட்டாவிட்டால்தான் என்ன?" என்றார்.

அப்படியும் வாழ்ந்தவர்கள் உண்டு, வாசகர்களே! தென் துருவக் கண்டத்தின் விளிம்பில், பனித்தட்டின் மீது எழுந்த 'தட்சிண கங்கோத்ரி'யில் 1984-ஆம் ஆண்டு குளிர்காலம் முழுவதும் நம் நாட்டவர் பன்னிருவர் தங்கினார்கள். கப்பல் திரும்பிவிட்டது, கடல் உறைந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் உதிக்கவே இல்லை. காற்றையும் குளிரையும் அளப்பதும் எழுதி வைப்பதும் அங்கே அன்றாடத் தொழில்.

இந்தக் கணக்கெழுத்தால் யாருக்கு லாபம்? அதே கண்டத்தில், பிரிட்டிஷாரின் ஹாலி நிலையத்தில் 1950-களிலிருந்து ஆண்டுதோறும் ஆட்கள் தங்கி ஓசோனை அளந்து வந்தார்கள். இருள் விலகி வசந்தம் பிறக்கும் அக்டோபரில் ஓசோன் படலம் ஆண்டுக்காண்டு மெலிவதை 1985-இல் உலகுக்குச் சொன்னவை அந்தக் குறிப்பேடுகள்தாம். இரண்டே ஆண்டில், 1987-இல், மான்ட்ரீல் ஒப்பந்தம் பிறந்தது.

தட்சிண கங்கோத்ரி பனியில் புதைந்து 1990-இல் கைவிடப்பட்டது. ஆனால் 1989-லேயே பாறைத் தரையில் 'மைத்ரி' எழுந்துவிட்டது. வீடு போயிற்று, வேலை நிற்கவில்லை.

திண்டிவனம் என்றால் புளியங்காடு என்பார்கள். பெரியவர் இறங்கியதும் மர நிழலைத் தேடி விரைந்தார். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் என்ற நிழல் எல்லாருடைய தலைக்கும் மேலே இருக்கிறது. அதற்குக் கணக்கெழுத, யாரோ சிலர் வெயிலையே துறந்து உட்கார்ந்திருந்தார்கள்.