வேலூர்–ஆம்பூர் தோல் தொழில்

பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் வேரூன்றிய ஏற்றுமதித் தொழில். பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் பிரிக்கப்பட்டபின் இவ்வூர்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் அமைந்துள்ளன. திடீர் ஏற்றமும் கடும் சரிவும் கண்டு, உருமாறி நிலைத்ததால் தொழில்முனைவோர் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு.

தொடக்கம் குறித்துத் தெளிவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இடையில் சார்லஸ் டி சூசா என்பவர் நாட்டுப் பதனிடுமுறையைச் சீர்திருத்தினார் என்பர். அவருடைய பூர்வீகம் பற்றிய குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ராயபுரம்–வாலாஜா ரோடு ரயில்பாதை 1856-இல் திறக்கப்பட்டதும், ஆற்று மணலில் தோண்டினால் ஊறிய நல்ல நீரும் தொழிலை இங்கே ஈர்த்திருக்கலாம்.

அக்காலச் சரக்கு 'ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல்' எனப்பட்டது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, முடி நீக்கி, சவ்வு சீவிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் பதப்படுத்திக் கடுக்காய்நீரில் முடிப்பர். கரம்பு நிலங்களில் தானாக வளரும் ஆவாரஞ்செடியின் பட்டைதான் லண்டன் ஏலங்களில் சென்னைத் தோலுக்குப் பெயர் வாங்கித் தந்தது. முதல் உலகப்போரில் படைவீரர் காலணிகளுக்கு இத்தோல் பெருமளவில் வாங்கப்பட்டது. ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதி கல்விக்குச் சென்றது: வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), தோல் வணிகர் பெயரில் அமைந்த மேல்விசாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி (1965). சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இல் தொடங்கப்பட்டது.

பெருந்திருப்பம் 1970-களில் நேர்ந்தது. பச்சைத்தோலையும் அரைப்பதத் தோலையும் விற்றுவிட்டு, அவற்றின் மதிப்புக்கூட்டலை வெளிநாட்டுக்கு விட்டுக்கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று அரசு அமைத்த சீதாராமையா குழு கூறியது. அதையொட்டிப் பச்சைத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. அரைப்பதத் தோலுக்கு அளவு விதிக்கப்பட்டது. முடித்த தோலுக்கும் காலணிக்கும் ஊக்கம் தரப்பட்டது. சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டியை நம்பியிருந்த பலர் தடுமாறினர். ஷூ மேற்பகுதிக்கும் முழு ஷூவுக்கும் துணிந்து மாறிய ஆம்பூர், ராணிப்பேட்டை நிறுவனங்கள் ஐரோப்பியச் சந்தையைப் பிடித்தன. வாங்குவோர் தரும் வடிவத்தைத் தைப்பதோடு நில்லாமல் தோலிலிருந்து காலணிவரை தம் கைக்குள் வைத்திருந்ததே அவற்றின் பலம். தையல்கூடங்கள் பெண்களுக்கு மாதச் சம்பளம் தந்தன. தொழிலின் வரலாற்றில் இது அதிகம் பேசப்படாத பெரிய மாற்றம்.

ஏற்றம் வேகமாக வந்ததால் கணக்கில் சேராத செலவும் வேகமாகச் சேர்ந்தது. வாரக்கணக்கான வேலையை ஓரிரு நாளில் முடிக்கும் குரோம் முறை பரவியது. கழிவுநீர் ஏரிகளிலும் ஆற்றிலும் கலந்தது. 1990-ஐ ஒட்டி, பூஞ்சைத் தடுப்புக்குப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி தடைசெய்தது. சில ஆண்டுகளில் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. ஒரே வகை இரசாயனத்தையும் ஒரே சந்தையையும் நம்பியிருந்தோர் அப்போது பெரும் நெருக்கடிக்கு உள்ளாயினர்.

பெரிய அடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துவோரே இழப்பைச் செலுத்த வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என அறிவித்தது. ஒரு கிலோ முடித்த தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாவதையும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்குத் தகாததாகிவிட்டதையும் தீர்ப்பு குறிப்பிடுகிறது. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு வசதியற்றவை மூடப்பட வேண்டியதாயிற்று. தனியாக நிலையம் கட்டும் வசதியற்ற சிறு ஆலைகள் கூட்டாக அமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சார்ந்து பிழைத்தன. சில கூலிக்குப் பதனிடும் கூடங்களாயின. நிலத்தடி நீர்க்கேட்டில் ஆலைகளின் பங்கு எவ்வளவு, ஊர்ச் சாக்கடையும் மணல் அள்ளலும் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆனால் கிணறுகள் கெட்டதில் ஐயமில்லை.

2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர் இறந்தனர். 2024-இல் ராணிப்பேட்டை மாவட்டப் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ குழுமக் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தோல் ஆலைகளின் மாசால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டை ஆறு வாரங்களுக்குள் வழங்குமாறு 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.