இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் நிகழ்பட வெளியீட்டு மேம்பாடு

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்பது பிரித்தானியாவின் சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 இல் வெளியிட்ட 8-பிட்டு வீட்டுக் கணினி ஆகும். இதன் ஸ்பெக்ட்ரம்+ வகையை இந்தியாவில் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 1986 இல் அறிமுகப்படுத்தியது. தொலைக்காட்சி அலைவரிசை வழியாக மட்டுமே படம் தரும் இக்கணினியில் இருந்து காம்போசிட் எனப்படும் கூட்டு நிகழ்படக் குறிகையை நேரடியாகப் பெறுவதே இம்மேம்பாடு ஆகும்.

பின்னணி

ஸ்பெக்ட்ரத்தின் திரை 256 × 192 படவணுக்களைக் கொண்டது. யுஎல்ஏ என்னும் சில்லு உருவாக்கும் ஒளிர்வு, நிறக் குறிகைகளில் இருந்து, எல்எம்1889 சில்லும் அதனுடன் இணைந்த சுற்றும் பால் முறைக் கூட்டுக் குறிகையை உருவாக்குகின்றன. பண்பேற்றி அதனை யுஎச்எஃப் 36 ஆம் அலைவரிசைக்கு மாற்றுகிறது. 1980களில் தூரதர்சன் ஒளிபரப்பு பெரும்பாலும் விஎச்எஃப் அலைவரிசைகளில் இருந்தது. எனவே யுஎச்எஃப் ஏற்பி இல்லாத தொலைக்காட்சிகளில் இப்படத்தைக் காண இயலாது. பண்பேற்றத்தால் இரைச்சல் சேர்ந்து எழுத்துகளும் மங்குகின்றன.

செய்முறை

பண்பேற்றிப் பெட்டிக்குள் 5 வோல்ட் மின்சாரம், கூட்டுக் குறிகை ஆகியவற்றுக்கான இரு கம்பிகள் செல்கின்றன. மின்தொடர்பை நீக்கிய பின் இவ்விரண்டும் கழற்றப்படுகின்றன. 5 வோல்ட் கம்பியின் முனை காப்பிடப்படுகிறது. வெளியீட்டுத் துளையின் நடுமுனையில் உள்ள மின்தடை விடுவிக்கப்பட்டு, குறிகைக் கம்பி அங்கே பற்றவைக்கப்படுகிறது. இடையில் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்தால் நேர்மின்னோட்டம் தடுக்கப்படும். சிலர் ஒரு திரிதடையத்தைக் கொண்டு தாங்கல் சுற்றும் அமைப்பர். தொலைக்காட்சியின் காம்போசிட் உள்ளீட்டில் வடத்தைச் செருகினால் படம் கிடைக்கும்.

வரம்புகள்

ஒளிர்வும் நிறமும் ஒரே கம்பியில் செல்வதால், நிற விளிம்புகளில் புள்ளிகள் ஊர்வது போன்ற தோற்றம் இம்மாற்றத்தால் நீங்குவதில்லை. பிரித்தானியாவில் 1986 இல் வெளியான ஸ்பெக்ட்ரம் 128 இல் ஆர்ஜிபி வெளியீடு இருந்ததால் அதில் தெளிவு கூடுதல். மேலும், ஸ்பெக்ட்ரம் நொடிக்கு ஏறத்தாழ 50 படங்களைப் பின்னலின்றி அனுப்புவதால், சில புதிய திரைகள் அதனைச் சரியாக ஏற்பதில்லை.

பாதுகாப்பு

கன்னியாகுமரி மாவட்டம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றினால் இணைப்பிகள் அரிக்கப்படலாம். ஆகவே படம் மங்கியிருந்தால் முதலில் துளையையும் வடத்தையும் துப்புரவு செய்து பார்ப்பது நன்று. பழைய கணினி ஓர் ஆவணமும் ஆகும். பண்பேற்றியைப் பிடுங்கி எறியாமல், கழற்றிய இணைப்புகளைக் குறித்து வைத்தால் பின்னர் மூல நிலைக்கு மீட்கலாம். பெட்டியில் புதிய துளை இட்டால் அவ்வாறு மீட்க இயலாது.