ஃபிஷ்போர்ன் ரோமானிய அரண்மனை

இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில், சிசெஸ்டர் நகரை ஒட்டிய ஃபிஷ்போர்ன் சிற்றூரில் கிடைத்த கட்டட எச்சம். 1960இல் குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது வெளிப்பட்டது. மறு ஆண்டு முதல் பாரி கன்லிஃப் தலைமையில் அகழாய்வு நடந்தது. அடிமட்டத்தில், கி.பி. 43 படையெடுப்பை ஒட்டி ரோமப் படை எழுப்பிய மரக் களஞ்சியங்களின் தடம் தெரிந்தது. அதன்மேல் ஒரு மரவீடு. பிறகு குளியலறைகளுடன் கூடிய கல்வீடு. ஏறத்தாழ கி.பி. 75இல் அந்தக் கல்வீட்டையும் தன்னுள் அடக்கிக்கொண்டு, நடுவே தோட்டமும் சுற்றிலும் நான்கு கட்டுகளுமாக அரண்மனை எழுந்தது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே அறியப்பட்ட ரோமானிய வசிப்பிடங்களில் இதுவே மிகப் பெரியது என்பர்.

இதில் வாழ்ந்தவர் யார் என்பதே தீராத வழக்கு. ரோமுக்குப் பணிந்த உள்ளூர் அரசர் டோகிடுப்னஸ் என்பது கன்லிஃபின் கருத்து. 1723இல் சிசெஸ்டரில் கிடைத்த கோயில் கல்வெட்டு அவரைப் பிரித்தானியாவின் மாமன்னர் என்கிறது. சில நாடுகள் அவருக்கு அளிக்கப்பட்டதையும் அவர் நெடுங்காலம் விசுவாசமாக இருந்ததையும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிக்கிறார். ஆனால் அரண்மனைக்குள் அவர் பெயர் பொறித்த ஒரு துண்டுகூட இல்லை. பக்கத்து ஊர்க் கல்வெட்டைக் கொண்டு வீட்டுக்கு உரிமையாளர் தேடுவது முறையா என்ற கேள்வி நியாயமானதே. கட்டடத்தின் காலத்தைச் சற்றுப் பின்தள்ளி, ரோமானிய ஆளுநர் ஒருவருக்கு உரியது என்போரும் உண்டு. அரசர் தரப்புக்குக் கல்வெட்டைவிட வலுவான சான்று கட்டடத்தின் வளர்ச்சிதான். ஆளுநர்கள் சில ஆண்டுகளில் மாறிப்போகிறவர்கள். இங்கோ ஒரே மனையில் வீடு படிப்படியாகப் பெருகியிருக்கிறது. ஊரில் வேர்விட்ட குடும்பத்தின் போக்கு இது. 1995இல் அருகே கிடைத்த தங்க முத்திரை மோதிரத்தில் டைபீரியஸ் கிளாடியஸ் கட்டுவாரஸ் என்ற பெயர் உள்ளது. முன்பாதி ரோமக் குடியுரிமையைக் காட்டுகிறது, பின்பாதி உள்ளூர்ப் பெயர். இது டோகிடுப்னஸை நிறுவாது. அத்தகைய உள்ளூர்ப் பெருங்குடியினர் அங்கே புழங்கினர் என்பதை நிறுவும்.

அரசரே ஆனாலும் ரசனை முழுக்க ரோமானியம். அப்பகுதியின் சரளை மண்ணில் செடி வளராது என்பதால், புதர்வேலிக்காகப் பள்ளம் வெட்டி நல்ல மண்ணை நிரப்பினர். அந்த மண்ணின் நிற வேறுபாடுதான், பாதையோரம் அரைவட்டமும் சதுரமும் மாறிமாறி வரும் தோட்ட வடிவத்தை அகழாய்வாளருக்குக் காட்டிக்கொடுத்தது. முதல் நூற்றாண்டு மொசைக் தளங்கள் கறுப்பு வெள்ளைக் கோலங்கள். டால்பின்மேல் சவாரி செய்யும் கியூப்பிட் உள்ள புகழ்பெற்ற தளம் இரண்டாம் நூற்றாண்டினது. அதன் ஓரக் கொடியில் சிறு பறவை ஒன்று உட்கார்ந்திருக்கிறது, கலைஞனின் கையொப்பமாக இருக்கலாம். பிற்காலத்தார் அரண்மனையை ஒரே திட்டத்தில் புதுப்பிக்கவில்லை. அவ்வப்போது அறைகளை மாற்றினர், தளத்தின்மேல் தளம் பாவினர். அரசாங்கச் சொத்தைவிடத் தனியார் கைமாறிய வீட்டுக்கே இது பொருந்தும்.

ஏறத்தாழ கி.பி. 270இல் தீ அதை அழித்தது; உருகிய ஈயம் தரையில் உறைந்து கிடந்தது. மீண்டும் கட்டாமல் கற்களைப் பெயர்த்துச் சென்றனர். வடகட்டு 1968 முதல் கூரையின்கீழ் அருங்காட்சியகமாக உள்ளது. தென்கட்டு இன்றைய சாலைக்கும் வீடுகளுக்கும் அடியில் கிடக்கிறது.