ஓரிகன் டிரெயில் (கணினி விளையாட்டு)

ஓரிகன் டிரெயில்: அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1971இல் பள்ளிப் பாடத்துக்காக எழுதப்பட்ட கணினி விளையாட்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிசௌரி மாநிலத்தின் இண்டிபென்டன்ஸ் நகரிலிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே ஓரிகனுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் சுமார் 2,000 மைல் பயணத்தை மாணவர் நடத்திப் பார்ப்பது இதன் அமைப்பு. முதல் கல்விக் கணினி விளையாட்டு இதுவே எனச் சிலர் எழுதுவது சரியன்று. நியூயார்க் மாநிலத்தில் மேபல் ஆடிஸ் என்ற ஆசிரியை ஐபிஎம் நிறுவனத்தாருடன் சேர்ந்து உருவாக்கிய சுமேரியர் விளையாட்டு 1964இலேயே ஆறாம் வகுப்பு மாணவரிடம் போய்விட்டது. எனினும் பள்ளிகளில் நெடுங்காலம் புழங்கியது என்ற வகையில் ஓரிகன் டிரெயிலுக்கு இணை சொல்வது கடினம்.

தோற்றம்

கார்ல்டன் கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த டான் ராவிட்ச், 1971இல் மின்னியாபொலிஸ் நகரில் எட்டாம் வகுப்புக்கு வரலாற்றுப் பயிற்சி ஆசிரியராக இருந்தார். மேற்குக் குடியேற்றப் பாடத்துக்கென வரைபடம் எழுதிப் பலகை விளையாட்டு ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தார். அவருடன் அறையில் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் இருவரும் கணிதப் பயிற்சி ஆசிரியர்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள். இதைக் கணினியில் செய்யலாமே என்றவர் ஹைன்மன் எனப்படுகிறது. பாடம் நடத்தவேண்டிய நாள் நெருங்கிவிட்டதால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில், சில குறிப்புகளின்படி அதற்கும் குறைவான நாளில், மூவரும் பேசிக் மொழியில் வேலையை முடித்தனர். துப்புரவுச் சாமான்கள் வைத்திருந்த சிற்றறை ஒன்றே அவர்களுக்குக் கணினி அறையாக அமைந்தது என்பது பலரும் திரும்பச் சொல்லும் செய்தி.

1971 டிசம்பர் 3 அன்று ராவிட்ச்சின் வகுப்பில் விளையாட்டு முதன்முறையாக இயங்கியது. திரை கிடையாது. தொலைபேசி இணைப்பு வழியே வேறிடத்திலிருந்த ஹியூலெட்-பேக்கர்ட் மினி கணினியோடு பேசும் டெலிடைப் பொறி ஒன்று. அது தடதடவெனத் தாளில் அடித்துத் தள்ளும் வரிகளே விளையாட்டு. மாணவர் குழுவாகக் கூடி, ஒருவர் வரைபடம் பார்க்க, ஒருவர் கணக்குப் பார்க்க, வேகமாகத் தட்டச்சு செய்பவர் விசைப்பலகை முன் உட்கார்ந்தார். காரணம் வேட்டை: மிருகம் எதிர்ப்பட்டதும் துப்பாக்கி ஒலியைக் குறிக்கும் ‘பேங்’ என்ற சொல்லை அடிக்கவேண்டும், எத்தனை நொடியில் அடித்தார் என்பதைக் கணினி அளந்து, குறி பட்டதா தப்பியதா எனச் சொல்லும். எழுத்துப் பிழை விட்டாலும் குறி தப்பியதுதான்.

பருவம் முடிந்து பள்ளியை விட்டுச் செல்கையில், சுமார் 800 வரி கொண்ட நிரலை ராவிட்ச் தாளில் அச்செடுத்துக்கொண்டு, கணினியிலிருந்து அழித்துவிட்டார். அந்த 1971ஆம் ஆண்டு வடிவம் எப்படி இருந்தது என்பதற்கு மூவரின் நினைவுகளே பெரும்பாலும் ஆதாரம். இதனால் எந்தெந்தப் பகுதி அப்போதே இருந்தது, எது பின்னர் சேர்ந்தது என்பதை உறுதியாகப் பிரித்துக்காட்ட இயலவில்லை.

மெக் காலம்

மாநிலப் பள்ளிகளுக்குக் கணினி வசதி அளிக்க 1973இல் தொடங்கப்பட்ட மின்னசோட்டா கல்விக் கணினிக் கூட்டமைப்பில் (சுருக்கமாக மெக்) ராவிட்ச் 1974இல் வேலைக்குச் சேர்ந்தார். வைத்திருந்த அச்சுத்தாளைப் பார்த்து நிரல் முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்து ஏற்றினார். இம்முறை குடியேறியவர்களின் நாட்குறிப்புகளைப் படித்து, வண்டி உடைவது, நோய் வருவது, தண்ணீர் கிடைக்காமற்போவது போன்றவை எவ்வளவு அடிக்கடி நேர்ந்தன என்று கணித்து, நிரலின் நிகழ்தகவுகளைத் திருத்தினார். பூர்வகுடியினர் வழிப்போக்கர்களுக்கு உணவு தேட உதவியதும் அந்நாட்குறிப்புகளில் கண்டபடி சேர்க்கப்பட்டது. விளையாட்டை வரலாற்றுப் பாடம் என்று கொள்வதற்கு வலுவான அடிப்படை இந்தத் திருத்தமே.

இவ்வடிவத்தின் நிரலை கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங் இதழ் 1978இல் முழுமையாக வெளியிட்டதால், இதைப் பற்றி மட்டும் ஐயமின்றி விரிவாக எழுத முடிகிறது. சேமிப்பு 900 டாலர். வண்டிக்கு 200 போக மீதி 700. எருதுகளுக்கு 200 முதல் 300 வரை செலவிடலாம். தோட்டா ஒரு டாலருக்கு 50. பயணம் 1847 மார்ச் 29 அன்று தொடங்கும். ஒவ்வொரு முறைக்கும் இரண்டு வாரம் கழியும். கடக்கவேண்டிய தொலைவு 2,040 மைல். எதிரே குதிரைவீரர்கள் வந்தால் ஓடுவதா, தாக்குவதா, தம் போக்கில் போவதா, வண்டிகளை வட்டமாக நிறுத்துவதா எனக் கேட்கும். பகைவர் போலத் தெரிந்தவர்கள் நண்பராக இருப்பதும் உண்டு. ஓரிகன் போய்ச் சேர்ந்தால் அதிபர் ஜேம்ஸ் போல்க்கின் வாழ்த்துக் கிடைக்கும்.

வழியில் இறந்தால் நிரல் அத்தோடு விட்டுவிடுவதில்லை. பாதிரியார் வேண்டுமா, ஆடம்பரமான சவ அடக்கம் வேண்டுமா, உறவினருக்குத் தகவல் சொல்லவேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். சொல்லவேண்டும் என்றால் தந்திக் கட்டணம் நாலரை டாலர். வேண்டாம் என்றால் செயின்ட் லூயிஸில் இருக்கும் சேடி அத்தை கவலைப்படுவாள் என்று குத்திக்காட்டும். கண்டத்தின் குறுக்கே தந்திக் கம்பி போய்ச் சேர்ந்தது 1861இல்தான் என்பதால் 1847இல் இது நடக்கக்கூடியதன்று. நாட்குறிப்புகளை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர்கள் இதை விட்டுவைத்ததற்கு நகைச்சுவையே காரணமாகலாம்.

1978இல் மெக் 500 ஆப்பிள் II கணினிகளை வாங்கியதையடுத்து விளையாட்டு அவற்றுக்கு மாற்றப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நெகிழ்வட்டு வழியே பிற மாநிலப் பள்ளிகளுக்கும் பரவியது.

1985 பதிப்பு

ஃபிலிப் பௌச்சர்ட் தலைமையில் புதிதாக வடிவமைக்கப்பட்ட ஆப்பிள் II பதிப்பே பெரும்பாலோர் நினைவில் நிற்பது. இதில் ஆட்டக்காரர் பாஸ்டன் வங்கியாளர், ஒஹாயோ தச்சர், இல்லினாய் விவசாயி ஆகியோரில் ஒருவர். வங்கியாளரிடம் 1,600 டாலர், விவசாயியிடம் 400. ஆனால் போய்ச் சேரும் விவசாயிக்கு மதிப்பெண் மும்மடங்கு. ஆற்றை இறங்கிக் கடப்பதா, வண்டியின் இடுக்குகளை அடைத்து மிதக்கவிடுவதா, ஓடத்துக்குக் காசு கொடுப்பதா, வெள்ளம் வடியும்வரை காத்திருப்பதா என்று முடிவெடுக்கவேண்டும். வேட்டையில் எவ்வளவு சுட்டாலும் 100 பவுண்டு இறைச்சியே வண்டிக்குத் தூக்கிவர முடியும். காட்டெருமைகளைக் குவித்துவிட்டு நூறு பவுண்டோடு திரும்பியவர்களே அதிகம்.

உடன் வரும் நால்வருக்கும் ஆட்டக்காரரே பெயர் வைக்கவேண்டும். மாணவர் சக மாணவர் பெயரை வைத்தனர். யாருக்குச் சீதபேதி கண்டது, யார் பாம்பு கடித்து இறந்தார் என்பது வகுப்பு முழுவதற்கும் செய்தியாயிற்று. இறந்தவருக்குக் கல்லறை வாசகம் எழுதலாம். அது வட்டிலேயே தங்கி, அடுத்து ஆடும் வகுப்பின் வழியில் குறுக்கிடும். ஆண்டி என்பவர் பெயரில் ‘பெப்பரோனி’, ‘சீஸ்’ என்ற சொற்களைத் தப்பும் தவறுமாக எழுதிய கல்லறை ஒன்று நகலெடுத்த வட்டுகள் வழியே பரவிப் புகழ்பெற்றது. டூம்ஸ்டோன் என்ற பீட்சாவின் தொலைக்காட்சி விளம்பரத்தைக் கேலி செய்தது அது என்பர்.

மதிப்பீடு

மாணவர் ஈடுபாடு கொண்டனர் என்பதில் ஐயமில்லை. எதைக் கற்றனர் என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. பொருள் பங்கிடுதலும் இடர்களை எடைபோடுதலும் பழகின என்பது ஒரு தரப்பு. தோட்டா வாங்கிச் சுடுவதற்கே பலர் ஆடினர் என்பது மற்றொன்று. ஆசிரியர் பில் பிகெலோ 1990களில், குடியேறும் வெள்ளையரின் கண்ணால் மட்டுமே விளையாட்டு உலகைக் காட்டுகிறது என்றும், பூர்வகுடியினரின் நிலம் பறிபோனது இதில் இடம்பெறவே இல்லை என்றும் எழுதினார். குதிரைவீரர் அச்சம் குறித்தும் கேள்வி எழுவது இயல்பு: வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூவின் கணக்குப்படி 1840 முதல் 1860 வரை இத்தகைய நிலவழிப் பயணங்களில் பூர்வகுடியினரால் கொல்லப்பட்ட குடியேறிகள் 362, குடியேறிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடியினர் 426. வாந்திபேதி இவ்விரண்டையும்விடப் பன்மடங்கு உயிர்களை வாங்கியது.

பிற்காலம்

1990களில் மெக் சாஃப்ட்கீ நிறுவனத்திடம் சென்றது; உரிமை அதன்பின் பல கை மாறியது. மூலப் படைப்பாளர் மூவருக்கும் உரிமத்தொகை கிடைக்கவில்லை. மொத்தம் 6.5 கோடிப் பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுவது வணிகத் தரப்பின் எண்ணிக்கை. 2016இல் ரோசெஸ்டரிலுள்ள தி ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தின் உலகக் காணொளி விளையாட்டுப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டது.

2019இல் எலிசபெத் லபென்சேயின் வடிவமைப்பில் வெளியான ‘வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்’ இதற்கு எதிர்வினை எனக் கருதப்படுகிறது. 1890களில் மின்னசோட்டாவின் ஃபோன் டு லாக்கிலிருந்து விரட்டப்பட்டுக் கலிஃபோர்னியா நோக்கிச் செல்லும் அனிஷினாபே இனத்தவர் ஒருவரே அதில் ஆட்டக்காரர். கேம்லாஃப்ட் நிறுவனம் பூர்வகுடி வரலாற்றறிஞர்களின் ஆலோசனையுடன் தயாரித்த ஓரிகன் டிரெயில் 2021இல் ஆப்பிள் ஆர்கேடிலும், 2022இல் பிற கருவிகளிலும் வந்தது.