அரியலூரில் கிடைத்துக் கரைந்துபோன ராட்சத டைனோசர்

உலகத்திலேயே பெரிய டைனோசர் எந்த ஊரில் கிடைத்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் அர்ஜென்டினா என்பார்கள். டிஸ்கவரி சேனல் பார்க்கிறவர்கள் அர்ஜென்டினோசாரஸ், படகோட்டைட்டன் என்று பெயரே சொல்லிவிடுவார்கள். அரியலூர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அரியலூர் என்றால் நம் தாத்தாக்களுக்கு 1956 ரயில் விபத்தும் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்ததும் நினைவுக்கு வரும். நமக்கு சிமெண்ட் மூட்டை நினைவுக்கு வரும். அவ்வளவுதான்.

ஆனால் பூமியில் நடந்த விலங்குகளிலேயே பெரியது எது என்ற போட்டியில் அரியலூருக்கும் ஒரு இடம் உண்டு, அதுவும் முதல் வரிசையில். ஒரே ஒரு சிக்கல். அந்த விலங்கின் எலும்பு இன்று உலகத்தில் எங்கும் இல்லை. எப்படி இல்லாமல் போனது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் நம்ம புதுச்சேரியிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் கதையும் கிட்டத்தட்ட இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊருக்கு மேற்கே இருக்கும் வழுதாவூர் பலருக்குத் தெரியும், ஆனால் அந்தப் பெயரில் ஒரு பாறை அடுக்கே இருக்கிறது என்பது தெரியாது. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் கல்லாகிப்போன சிப்பிகளையும் நத்தைகளையும் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்பவர் அவற்றை ஆராய்ந்து 1846ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். இதெல்லாம் கிரெட்டேஷியஸ் காலத்துக் கடல் உயிர்கள், அதாவது டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டம் என்று அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்களின் ஊரைச் சுற்றிக் கிடந்த சிப்பிகளைப் பற்றி ஆங்கிலேயர்கள் புத்தகம் போட்டது தனி வேடிக்கை!

நம் பக்கத்தில் கிடைப்பது கடல் படிவம் என்பதால் சிப்பி, நத்தை, அம்மோனைட் எல்லாம் தாராளமாக வரும். டைனோசர் நிலத்து விலங்கு. அதற்கு ஆறு கொண்டுவந்து கொட்டிய மண் வேண்டும். அந்த மண் அரியலூர் பக்கம் கல்லமேடு என்ற கிராமத்தில் இருக்கிறது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடல் பின்வாங்கியபோது அங்கே ஆறுகள் ஓடி மணலும் களிமண்ணுமாகக் கொட்டிவிட்டுப் போயின. இந்தியா அப்போது ஆசியாவோடு ஒட்டவே இல்லை, நடுக்கடலில் ஒரு பெரிய தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

1862ல் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியின் பாறைகளை விவரித்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று பிரிவு பிரிவாகப் பெயர் வைத்தார். இந்தப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. 1929ல் சார்லஸ் மேட்லி என்ற ஆங்கிலேயர் திருச்சி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றி எழுதினார். (அப்போது அரியலூர் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது.) அதற்குப் பிறகு நெடுங்காலம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

இந்திய புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர்தான் மறுபடியும் இந்த இடத்தைப் பிடித்தார்கள். கல்லமேட்டுக்கு வடகிழக்கே அவர்களுக்குக் கிடைத்த எலும்புகள்: இடுப்பு எலும்பு ஒன்று, தொடை எலும்பின் ஒரு பகுதி, முழங்காலுக்குக் கீழே வரும் பெரிய எலும்பு, முன்னங்கால் எலும்பு ஒன்று, வால் எலும்பில் ஒரு துண்டு. இடுப்பு எலும்பு 1.2 மீட்டர். தொடை எலும்பின் கீழ் முனை மட்டும் 75 சென்டிமீட்டர் அகலம். கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர் நீளம்.

2 மீட்டர் என்றால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்ம கிளாஸில் கடைசி பெஞ்சில் உட்காரும் ஆறடி ஆசாமியை அந்த எலும்பின் பக்கத்தில் நிற்க வைத்தால் எலும்புதான் உயரமாகத் தெரியும். அதுவும் முழங்காலுக்குக் கீழே மட்டும்! அர்ஜென்டினோசாரஸ் என்று உலகமே கொண்டாடும் ராட்சதனுக்கு அதே இடத்தில் வரும் எலும்பு 1.55 மீட்டர்தான்.

1987 என்று தேதியிட்ட ஜி.எஸ்.ஐ. வெளியீடு ஒன்றில் இந்த விலங்குக்குப் பெயர் வைத்தார்கள்: பிருகத்காயோசாரஸ் மேட்லியை. (அந்தத் தொகுதி உண்மையில் 1989ல்தான் வந்தது என்று சிலர் அந்த ஆண்டைப் போடுவார்கள்.) பிருகத் என்றால் பெரிய, காயம் என்றால் உடம்பு, சாரஸ் என்றால் கிரேக்கத்தில் பல்லி. மேட்லி மேலே சொன்ன அதே மேட்லி. பிரகதீஸ்வரர் என்ற பெயரில் வருவதும் இதே பிருகத்தான். கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயில் சாமியும் அதே அரியலூர் மாவட்டம்தான். பெயர் வைத்தவர்கள் இதை நினைத்தார்களோ இல்லையோ, எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இங்கேதான் முதல் குழப்பம். அந்தக் கட்டுரை இதை ஒரு மாமிச பட்சிணி என்றது. அல்லோசாரஸ் மாதிரி இரண்டு காலில் ஓடி வேட்டையாடும் இனம் என்று வகைப்படுத்தியது. அப்படிப் பார்த்தால் டைரனோசாரஸே இதன் முன்னால் கன்றுக்குட்டி. யாரும் நம்பவில்லை. 1995ல் சங்கர் சாட்டர்ஜி, இது வேட்டை விலங்கு இல்லை, நீண்ட கழுத்தும் நாலு தூண் கால்களும் கொண்டு இலை தழை தின்னும் சாரோபாட் வகை என்று குறிப்பிட்டார். அதில் டைட்டனோசார் என்ற பிரிவு என்று வைத்தால் எல்லாம் ஒத்துப்போகிறது.

தப்பாக வகைப்படுத்தியதற்காக அவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் இதே யாதகிரிதான் 1988ல் கோட்டாசாரஸ் என்ற இன்னொரு டைனோசருக்குப் பெயர் வைத்தவர். அதன் முழு எலும்புக்கூடு ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிற்கிறது. விஷயம் தெரியாதவர் இல்லை. கல்லமேட்டில் கிடைத்ததோ நாலைந்து உடைந்த துண்டுகள். மண்டை ஓடு இல்லை, பல் இல்லை. ஒரு பல் கிடைத்திருந்தால் இலை தின்றதா, கறி தின்றதா என்ற சண்டையே வந்திருக்காது.

வகை தப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை, எலும்பு இருந்தால் யாராவது திரும்பப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். விஞ்ஞானத்தில் அது தினமும் நடப்பது. இங்கே அந்த வழியும் அடைந்துவிட்டது.

கல்லமேட்டு மண் அப்படி. எலும்பு முழுக்க நுண்ணிய வெடிப்புகள். சுற்றிலும் களிமண்ணும் மணலும். மழையில் நனைந்தால் களிமண் உப்பும், வெயிலில் சுருங்கும், ஒவ்வொரு தடவையும் எலும்பு கொஞ்சம் விரியும். ஐப்பசி கார்த்திகை மழையும் சித்திரை வெயிலும் நமக்குத் தெரியாததா? கை கால் உடைந்தால் மாவுக்கட்டு போடுகிற மாதிரி, புதைபடிவ எலும்பைத் தோண்டி எடுக்கும்போதும் மேலே பிளாஸ்டர் கட்டுப் போடுவார்கள். பிருகத்காயோசாரஸுக்கும் போட்டார்கள். ஆனால் ஆய்வுத் துறைக்குப் போய்ச் சேரும் முன்பே கட்டுக்குள் இருந்தவை நொறுங்க ஆரம்பித்துவிட்டன. எலும்புகள் இப்போது இல்லை என்று அச்சில் வந்தது 2017ல். 7 கோடி வருஷம் மண்ணுக்குள் தாங்கியது, வெளியே வந்து சில வருஷங்கூடத் தாங்கவில்லை.

இதில் இன்னொரு கொடுமை, முதல் கட்டுரையில் இருந்த படங்கள் ரொம்பக் குறைவு. சில கோட்டுப் படங்கள், மண்ணில் கிடந்தபடியே எடுத்த மங்கலான புகைப்படங்கள். அதனால் வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலருக்கு நியாயமாகவே சந்தேகம் வந்தது. சிலர், அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரத்துண்டாக இருக்கும் என்றார்கள். கேட்டால் கோபம் வரும், ஆனால் அதற்கும் காரணம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் கல்மரம் நிஜமாகவே உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகப் படுத்திருக்கிறது. (நமக்குப் பக்கத்தில் திருவக்கரையிலும் கல்மரங்கள் இருக்கின்றன, ஆனால் அவை டைனோசர் காலத்துக்கு ரொம்பப் பிந்தியவை.) 2 மீட்டர் கல்மரத்தை எலும்பு என்று நினைத்துவிட்டார்கள் என்று சொன்னால் எப்படி மறுப்பது? எடுத்துக் காட்ட ஒன்றும் கையில் இல்லையே.

இது இந்தியாவுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 1878ல் அமெரிக்காவில் எட்வர்ட் கோப் என்பவர் 1.5 மீட்டர் உயரமான ஒரே ஒரு முதுகெலும்புத் துண்டை வைத்து ஒரு ராட்சத டைனோசரை அறிவித்தார். அதுவும் காணாமல் போனது. அங்கேயும் எலும்பு இருந்த பாறை உதிரக்கூடிய வகைதான். அவர் வரைந்த படம் ஒன்றுதான் மிச்சம். அதை வைத்து 2018ல் புதுப் பெயர் எல்லாம் வைத்தார்கள்.

நம் நாட்டிலேயே நல்லபடியாக முடிந்த கதையும் உண்டு. 1828ல் ஜபல்பூரில் வில்லியம் ஸ்லீமன் (தக்கிகளை ஒழித்தார் என்று படித்தோமே, அதே ஆள்) சில எலும்புகளைப் பொறுக்கினார். 1877ல் லைடெக்கர் அவற்றுக்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். டைட்டனோசார் என்ற பிரிவுக்கே பெயர் கொடுத்த எலும்பு அது. அதையும் எங்கேயோ தொலைத்துவிட்டு, கடைசியில் 2012ல் கொல்கத்தாவில் ஜி.எஸ்.ஐ. சேகரிப்பிலேயே கண்டுபிடித்தார்கள். அது கெட்டியான எலும்பு, அலமாரியில் மறந்துபோய்க் கிடந்தது, தேடியதும் கிடைத்தது. கல்லமேட்டு எலும்பைத் தேட அலமாரியே இல்லை.

2022ல் ஒரு திருப்பம் வந்தது. சௌரப் பால் என்ற ஆய்வாளர், முதல் கட்டுரையை எழுதிய அதே அய்யாசாமியோடு சேர்ந்து 'காவிரியின் தொலைந்த ராட்சதன்' என்ற பொருள் வரும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அந்தக் காலத்தில் களத்தில் எடுத்து அதுவரை வெளிவராத புகைப்படங்கள் இருந்தன. மரம் இல்லை, எலும்புதான், அதுவும் சாரோபாட் எலும்புதான் என்று அந்தப் படங்களை வைத்து வாதாடினார்கள். இத்தனை வருஷம் அந்தப் படங்கள் வெளியே வராமல் இருந்தது ஏன் என்று எனக்குக் கொஞ்சம் ஆதங்கம்தான். ஆனாலும் எலும்பு போன பிறகு படமாவது தப்பியதே.

அடுத்த வருஷமே, 2023ல், கிரெகரி பால், ஏசியர் லாரமெண்டி என்ற இருவர் அந்த அளவுகளை வைத்து எடை கணக்குப் போட்டார்கள். 110 முதல் 170 டன் வரை வந்தது. பெரும்பாலும் 110லிருந்து 130க்குள் இருக்கலாம் என்றார்கள். ஒரு பெரிய ஆப்பிரிக்க யானை 6 டன் என்று வைத்தால், குறைந்த கணக்குக்கே 18 யானை. நீலத் திமிங்கலத்தோடு போட்டி போடும் எடை. திமிங்கலத்தைத் தண்ணீர் தாங்குகிறது, இது நாலு காலில் நின்றிருக்கிறது.

இதை அப்படியே நம்பலாமா? என் கருத்து, மரம் என்ற பேச்சை இனி விட்டுவிடலாம். ஆனால் டன் கணக்கைப் பிடித்துக்கொண்டு மார்தட்டவும் முடியாது. இன்னொருவர் போய் அந்த எலும்பை அளந்து பார்க்க வழியில்லாத வரை அது ஒரு நல்ல மதிப்பீடு, அவ்வளவுதான். நம் ஆட்களுக்கு மார்தட்டுவதில் ஒரு அவசரம் உண்டு. 2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று வாட்ஸப் முழுக்கச் சுற்றியது. புவியியல் ஆட்கள் வந்து பார்த்து முட்டையே இல்லை என்றார்கள்.

அதே கல்லமேட்டில் 2013ல் நடந்தது இதற்கு நேர் எதிர். பிரசாத், அஞ்சலி கோஸ்வாமி குழுவினர் ஒரு சின்னப் பல்லை வைத்து, ட்ரூடாண்டிட் என்ற சிறு டைனோசர் வகை இந்தியாவில் இருந்தது என்று அறிவித்தார்கள். தென் கண்டங்களில் அந்த வகை இருந்ததற்கு அதுவரை சான்றே இல்லை. ஒரே ஒரு பல்! ஆனால் அது பத்திரமாக இருக்கிறது. அது ட்ரூடாண்டிட்தானா என்று சந்தேகப்படுகிறவர் அந்தப் பல்லையே பார்த்துக்கொள்ளலாம்.

அரியலூர் போக ஆசைப்படுகிறவர்களுக்கு: விழுப்புரத்தில் திருச்சி போகும் கார்டு லைன் ரயிலைப் பிடித்தால் விருத்தாசலம் தாண்டி வரும். பக்கத்தில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மோனைட், சிப்பி எல்லாம் நன்றாகப் பார்க்கலாம். பிருகத்காயோசாரஸ் எலும்பு எங்கே என்று மட்டும் அங்கே கேட்காதீர்கள்.