கோமுகியின் வாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் தீர்த்தம் பட்டரின் கையிலிருந்து நம் உள்ளங்கைக்கு வருகிறது. அதே ஊரின் மடவார்வளாகத்து வைத்தியநாதர் கோயில் போன்ற சிவாலயங்களில் நடப்பது வேறு. மூலவர்மேல் விழுந்த நீர் யார் கையும் படாமல், சுவரைக் கடந்து தானே வெளியே வருகிறது. அது வந்து விழும் கல்வாய்க்குப் பெயர் கோமுகி. பிரான்ஸ் நாட்டுப் பழைய கிராமத் தேவாலயங்களிலும் தீர்த்தத்துக்கென்று செதுக்கிய கல் உண்டு. வாசலோரத் தொட்டியில் நீர் காத்திருக்கும்; நுழைகிறவர்கள் விரல் நனைத்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்கள். அங்கே நுழைகிறவருக்காகக் கல் செதுக்கினார்கள். நம் சிற்பி வெளியே வரும் நீருக்காகச் செதுக்கினான். அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கோமுகியை வெறும் வடிகால் என்று சொல்லிவிடுகிறோம்.

வடிகால் என்பதும் பொய்யில்லை. கிழக்கு பார்த்த சந்நிதியில் ஆவுடையாரின் மூக்கு வடக்கே நீண்டிருக்கும். அபிஷேக நீர் அதன் வழியே தரைக்கு இறங்கி, வடக்குச் சுவரின் துளையில் புகுந்து, அதிட்டானத்தைத் தாண்டி நீட்டிய கல்லில் ஓடி விழும். கல் அவ்வளவு நீண்டால்தான் நீர் அடித்தளத்தின் வரிகளில் வழியாது; நீளத்துக்குக் காரணம் அதுவே. ஆனால் முகத்துக்கு? பேர் பசுமுகமாக இருக்க, சோழர் காலக் கோமுகிகள் பலவற்றில் சிங்கமோ யாளியோ வாய் பிளந்திருக்கிறது. சிலவற்றின் அடியில் தொப்பை தள்ளிய பூதகணம் ஒன்று அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. தண்ணீர் ஒழுகப் பிடரிமயிர்ச் சுருள் எதற்கு?

அந்த நீர் விழும் பக்கத்தில் யாரைக் குடிவைத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். சண்டிகேசுவரர். இறைவனுக்குச் சாத்திக் களைந்த நிர்மாலியம் முழுவதும் அவருக்கு உரியது. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தின் வடபுறம் அவருக்குத் தனிக் கோயிலே உண்டு. சோழர் கல்வெட்டுகளில் கோயில் நில விற்பனைகள் அவர் பேரில் நடந்திருக்கின்றன. கோயில் சொத்துக்கு அவரே பொறுப்பாளர். கோமுகி நீர் அவர் பக்கம் விழுகிறது என்றால், அது கழித்துவிட்ட நீராகாது, உரியவரிடம் சேர்கிற நீர். புனிதமென்றால் ஏன் தாண்டக் கூடாது என்கிறார்கள் என்று கேட்கலாம். புனிதம் என்பதால்தான். பிரதோஷத்தன்று சோமசூத்திரப் பிரதட்சிணம் செய்பவர்கள் கோமுகி வரை வந்து, அதைக் கடக்காமல் வந்த வழியே திரும்புவதைப் பாருங்கள். சாக்கடைக்கு யாரும் இப்படி மரியாதை செய்வதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது: யார் கையும் படாமல் வந்தாலும், அந்த நீர் எல்லோருக்கும் எட்டவில்லை. கோமுகி இருப்பது பிராகாரத்துக்குள். 1939 ஜூலை 8 அன்று அ.வைத்தியநாதய்யர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடக்கும்வரை, தாழ்த்தப்பட்ட மக்கள் அங்கே மதிலுக்கு வெளியேதான் நின்றார்கள். அந்த அநீதியை எந்தச் சிற்ப அழகும் ஈடுசெய்யாது. அது கதவைச் சாத்தியவர்களின் குற்றம். நீரை வெளியே அனுப்பிய கல்லின் கருத்து அதனால் மாறிவிடாது.

கதவு திறந்த பிறகு கல்லைப் புதைக்கிறோம். திருப்பணி என்ற பெயரில் பல ஊர்களில் பிராகாரத் தரையை உயர்த்திவிட்டார்கள்; கோமுகியின் வாயில் பிளாஸ்டிக் குழாயைச் செருகியிருக்கிறார்கள். அடியில் தாங்கும் பூதகணம் கழுத்தளவு சிமெண்டில் நிற்கிறது. அடுத்த கும்பாபிஷேகத்துக்கு வண்ணம் பூசும் முன், அந்தத் தரையைத் தோண்டி அதன் கால்களை வெளியே எடுங்கள்.