கொரிந்தியன் லெதர் எந்த ஊர்த் தோல்?

அமெரிக்கக் கார்களில் 'பெர்சனல் லக்சுரி கூபே' என்று ஒரு ரகம் இருந்தது. இரண்டே கதவு, நீளமான பானெட், குட்டையான பின்பக்கம், சோபா மாதிரி சீட். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக அல்ல, ஓட்டுகிறவரின் அந்தஸ்தைக் காட்ட! 1958-ல் ஃபோர்டு தண்டர்பேர்ட் நாலு சீட்டோடு வந்து இதற்குப் பாதை போட்டது. 1963-ல் ப்யூக் ரிவியேரா, 1970-ல் ஷெவர்லே மான்டி கார்லோ என்று வரிசையாக வந்தன.

கிரைஸ்லர் கம்பெனி கொஞ்சம் லேட். அவர்களுடைய 'கார்டோபா' 1975 மாடலாகத்தான் வந்தது. அடியில் இருந்ததோ சாதாரண ப்ளைமவுத் ஃபியூரியின் அதே அடித்தளம். அப்புறம் எதைச் சொல்லி விற்பது? நடிகர் ரிக்கார்டோ மொன்டல்பான் டிவி விளம்பரத்தில் வந்து, மென்மையான 'கொரிந்தியன் லெதர்' சீட்டைப் பற்றி அழகாகப் பேசினார். முதல் வருடமே 1,50,000 கார்களுக்கு மேல் விற்றன.

கொரிந்த் என்பது கிரேக்க நாட்டு ஊர். இந்தத் தோலுக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! விளம்பர ஏஜென்சி 1974-ல் உருவாக்கிய பெயர் அது. தோல் பெரும்பாலும் வந்தது நியூஜெர்சியின் நியூவார்க் நகரத்திலிருந்து. பிற்பாடு டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில், அந்தப் பெயருக்கு அர்த்தமே கிடையாது என்று மொன்டல்பானே ஒப்புக்கொண்டார். இதில் வேடிக்கை, காருக்கு வைத்த பெயர்தான் நிஜமான தோல் ஊர். ஸ்பெயினின் கார்டோபா பல நூற்றாண்டுகளாகத் தோல் வேலைக்குப் பேர்போனது.

இப்போது நம்ம வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வருவோம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் இங்கிருந்து கப்பலேறி, 'ஈஸ்ட் இந்தியா' என்ற பொதுப்பெயரில்தான் லண்டனில் விற்றது. அங்கே மெருகேற்றியவர்களுக்குத்தான் நல்ல விலை. அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு இந்திய அரசு 1973-ல்தான் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்குப் பிறகு முழுத்தோலும் ஷூவும் இங்கேயே தயாராகிப் போகின்றன. ஆனால் ஷூவின் மேல் இருப்பது பெரும்பாலும் வெளிநாட்டு பிராண்ட் பெயர்தான்.

நம்ம ஊர்ப் பெயர் பெரிதாக அடிபட்டது வேறு இடத்தில். பாலாறு கெட்டுப்போன வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் இந்த வட்டாரத்து டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

கார்டோபா 1983-ல் நின்றுபோனது. இல்லாத ஊர்த் தோலுக்கு அவ்வளவு மவுசு. ஆற்றையே விலையாகக் கொடுத்த ஊரின் பெயர் அது செய்த ஷூவில்கூட இல்லை. அடுத்த முறை ஷூ வாங்கும்போது, 'ஜெனுயின் லெதர்' என்ற எழுத்தைப் பார்த்தால், எந்த ஊர்த் தோல் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.